போகம் காத்திருக்காது

வரிப்பத்தான்சேனையில் ஆண்டுக்கு இரண்டு போகம். ஐப்பசி மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவது பெரும்போகம். சித்திரை, வைகாசியில் குளத்து நீரை நம்பி விதைத்து ஆவணி, புரட்டாதியில் வெட்டுவது சிறுபோகம். கலியாணப் பேச்சும் கடன் தவணையும் வீட்டுக்குக் கூரை போடுவதும் இந்த இரண்டையும் பார்த்துத்தான் நடக்கும். அம்பாறை நகருக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் வயல். சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தொடரும் முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றுக்கும் வேளாண்மைதான் அடிப்படை. அம்பாறை மாவட்டம் இலங்கையில் மிக அதிகமாக நெல் விளையும் மாவட்டங்களில் ஒன்று.

சோற்றை விளைவிக்கும் ஊருக்கு உலக உணவு நெருக்கடி எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. போரும் விலையேற்றமும் தானியக் கப்பல் தடைப்படுவதும், அரிசியை வாங்கித் தின்னும் நகரங்களைத்தான் முதலில் தாக்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்த மண்ணின் எண்பது ஆண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. ஒவ்வொரு அதிர்ச்சியும் எந்த மாதத்தில் வந்தது என்பதைப் போகத்தின் நாட்காட்டியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அதன் உண்மையான கனம் தெரிகிறது. அதே அடி இரண்டு மாதம் முன்னோ பின்னோ விழுந்திருந்தால் பாதிப்பு வேறாக இருந்திருக்கும். உணவுப் பாதுகாப்பு பற்றிய அறிக்கைகள் தொன் கணக்கையும் டொலர் கணக்கையும் விரிவாகத் தருகின்றன. நாள் கணக்கு அவற்றில் போதிய அளவு இல்லை.

2021ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மே 6ஆம் திகதி இரசாயனப் பசளை, களைநாசினி, கிருமிநாசினி இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வெளியானது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் தேர்தல் விஞ்ஞாபனம் சேதனப் பசளைக்கு மாறுவதற்குப் பத்து ஆண்டு அவகாசம் பேசியிருந்தது. அந்தப் பத்து ஆண்டை ஒரே வர்த்தமானி விழுங்கிவிட்டது. சிறுநீரக நோயும் மண்ணின் நலமும் காரணமாகச் சொல்லப்பட்டன. நாட்டின் டொலர் இருப்பு கரைந்துகொண்டிருந்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே. மண் கெட்டுவிட்டது என்ற கவலை பொய்யல்ல. எங்கள் பக்கத்து விவசாயிகளே அதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் மே 6 என்பது சிறுபோகம் விதைக்கும் நேரம்.

நெல்லுக்கு யூரியா இடுவது நாள் பார்த்துச் செய்யும் வேலை. விதைத்து இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை, நான்காம் வாரத்தில் ஒரு தடவை, ஆறு ஏழு வாரத்தில் குடலை திரளும்போது மறுபடியும். முதல் இரண்டு தடவைகளில் பயிர் எத்தனை மட்டம் வெடிக்கும் என்பது முடிவாகிறது. பிந்தியதில் ஒரு கதிரில் எத்தனை மணி நிற்கும் என்பது முடிவாகிறது. நான்காம் வாரத்தில் கிடைக்காத பசளை எட்டாம் வாரத்தில் வந்தால் அதை வயலில் எறிவது வீண் செலவு. மூன்று, மூன்றரை மாத இனங்களுக்கு இரண்டு வாரம் என்பது ஆயுளில் ஏழில் ஒரு பங்கு.

சேதனப் பசளையால் இந்த இடத்தை நிரப்பலாம் என்று சொன்னவர்கள் எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்த்திருக்கலாம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு வீதம். ஒரு மூடை யூரியாவின் நைதரசனை ஈடுசெய்ய ஏறக்குறைய ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூடை இடுகிறவருக்கு மூன்று தொன். அதை எங்கே செய்வது, எந்த உழவு இயந்திரத்தில் ஏற்றி எந்த வரம்பு வழியே கொண்டுபோவது, கூலி யார் கொடுப்பது? போட்டாலும் அது மெல்ல மெல்லத்தான் கரையும். இன்று நாங்கள் விதைக்கும் இனங்கள் எல்லாம் 1950களின் கடைசியில் வந்த எச் 4இலிருந்து தொடங்கி, பசளைக்கு விளைச்சல் தரும்படி பத்தலகொட போன்ற ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கப்பட்டவை. அவற்றை வைத்துக்கொண்டு பாட்டன் காலத்து முறைக்குத் திடீரென்று திரும்பச் சொன்னது பயிருக்கும் விவசாயிக்கும் செய்த அநியாயம்.

சிறுபோகம் பழைய இருப்பிலும் கள்ளச் சந்தையிலும் ஏதோ ஒப்பேறியது. பெரும்போகம்தான் விழுந்தது. தடை நீங்கியது 2021 நவம்பர் கடைசியில். அதற்குள் கிழக்கில் பெரும்பாலான வயல்கள் விதைக்கப்பட்டு முதல் பசளைக்கான நாளும் கடந்துவிட்டது. நீக்கப்பட்ட தடையால் அந்தப் போகத்துக்குப் பயன் இல்லை. காரணம் இன்னொன்றும் உண்டு. 2020இல் உலகச் சந்தையில் தொன் ஒன்று சராசரி 230 டொலர் அளவில் கிடைத்த யூரியா, 2021 நவம்பரில் 900 டொலரைத் தொட்டிருந்தது. மலிவாக வாங்கி வைத்திருக்க வேண்டிய காலத்தில் தடை. தடையை எடுத்தபோது உச்ச விலை, கையில் டொலரும் இல்லை. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல் தீங்கு தரும் நுண்ணுயிர்கள் இருப்பதாகக் கூறித் திருப்பியனுப்பப்பட்டது. அதற்கும் 67 இலட்சம் டொலர் கொடுத்தே தீர்க்க வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து திரவ நனோ நைதரசன் விமானத்தில் வந்தது.

2022 தையில் வயல் வரம்பில் நின்று பார்த்தவர்கள் அந்த நிறத்தை மறக்க மாட்டார்கள். அந்த நாளில் கருமை கலந்த பச்சையாக நிற்க வேண்டிய பயிர் வெளிர் மஞ்சளாக, முழங்கால் உயரத்துக்கு எழும்பாமல் நின்றது. அடியிலைகள் நுனியிலிருந்து காய்ந்து வந்தன. மட்டம் வெடிக்காததால் தூருக்கும் தூருக்கும் இடையே தண்ணீர் தெரிந்தது. களைநாசினியும் இல்லாததால் அந்த இடைவெளியை நெற்சப்பியும் கோரையும் பிடித்துக்கொண்டன. முன்பு கதிரின் பாரத்தில் சாய்ந்து கிடக்கும் வட்டையில் கதிர் நிமிர்ந்தே நின்றது, பதர் கனமில்லாதது என்பதால். நாட்டின் கணக்கும் இதையே சொன்னது: 2020/21 பெரும்போகத்தில் 30.6 இலட்சம் தொன்னாக இருந்த நெல், 2021/22 பெரும்போகத்தில் 19.3 இலட்சம் தொன்னாகச் சரிந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பு. போர் இல்லை, வரட்சி இல்லை, வெள்ளம் இல்லை.

இந்த இழப்பு விவசாயியோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்களில் பசளைக் கடையும் நெல் வியாபாரியும் விவசாயியும் கடனால் கட்டுண்டவர்கள். 'காக்கா, வெட்டினதும் தாறேன்' என்ற ஒரு சொல்லில் இரண்டு மூடை பசளை வண்டியில் ஏறும், கடைக்காரர் கொப்பியில் ஒரு வரி எழுதுவார். களவெட்டியில் நெல் குவியும் நாளில் கணக்குத் தீரும். விளைச்சல் பாதியானபோது கொப்பியில் கடன் அப்படியே நின்றது. அடுத்த போகத்துக்குக் கடன் கொடுக்கக் கடைக்காரரிடம் முதல் இல்லை. வங்கியில் அடகில் இருந்த நகை மீளவில்லை. நகை இல்லாத வீடுகள் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலிக்குப் போகப் பார்த்தன. வெட்டுவதற்கு விளைச்சல் குறைந்த ஆண்டில் கூலியும் குறைவு. உணவு இருப்பதல்ல, அதைப் பெறும் வழி இருப்பதே பசியைத் தீர்மானிக்கிறது என்று 1981இல் வெளிவந்த நூலில் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் எழுதினார். நெல் விளையும் ஊரில் நெல்லுக்குக் கையேந்திய அந்த மாதங்களில் அது எங்கள் வாசலில் நடந்தது.

வெளியில் இருந்து வரும் ஆய்வாளர் கண்ணில் அதிகம் படாத இழப்பு ஒன்று உண்டு. விளைந்த நெல்லுக்கு ஸகாத் என்னும் ஏழைவரி கடமை. மழையாலோ ஓடும் நீராலோ விளைந்ததென்றால் பத்தில் ஒரு பங்கு. செலவு செய்து நீர் இறைத்து விளைவித்ததென்றால் இருபதில் ஒரு பங்கு. களவெட்டியிலேயே பிரித்து வைக்கப்படும் அந்த நெல்தான் காணி இல்லாத வீடுகளின், கணவனை இழந்த பெண்களின், அநாதைப் பிள்ளைகளின் சில மாத உணவு. எந்த அரசாங்கக் கணக்கிலும் வராத ஒரு தானியக் களஞ்சியம் அது. விளைச்சல் பாதியானால் ஸகாத் நெல்லும் பாதி. ஏறத்தாழ 650 கிலோவாகக் கணிக்கப்படும் நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவுக்குக் கீழே பொலி போய்விட்டால் கடமையே இல்லை. அரை ஏக்கர் செய்கிறவர் நல்ல போகத்தில் 1,000 கிலோ எடுத்து ஸகாத் கொடுப்பவர். 500 கிலோ எடுத்த போகத்தில் அவர் கொடுக்கும் வரிசையிலிருந்து நீங்கி, வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்த ஆண்டு றமழான் ஏப்ரல் 3இல் தொடங்கியது, அறுவடைக்குச் சரியாகப் பிறகு. நோன்பின் பத்தாம் நாளையொட்டி, ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கு அரிசியும் தேங்காயும் எரிவாயுவும் ஒரே நேரத்தில் எட்டாத விலைக்குப் போன றமழான் அது.

இந்த நிலையில்தான் உக்ரேன் போர் வந்து சேர்ந்தது. 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யப் படைகள் எல்லை கடந்தன. இரு நாடுகளும் சேர்ந்து உலகக் கோதுமை ஏற்றுமதியில் ஏறத்தாழ 30 வீதத்தைக் கையில் வைத்திருந்தன. அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் உணவு விலைச் சுட்டெண் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பாணும் பராட்டாவும் இறக்குமதிக் கோதுமையை நம்பியவை. மா விலை ஏறினால் மக்கள் சோற்றுக்குத் திரும்புவார்கள். ஆனால் திரும்புவதற்கு அந்த ஆண்டு அரிசி இல்லை. உள்நாட்டு முடிவு ஒன்றும் வெளிநாட்டுப் போர் ஒன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததன் விளைவு அது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக ஐ.நா. நிறுவனங்கள் மதிப்பிட்டன.

உக்ரேன் போர் வரிப்பத்தான்சேனைக்கு மாவாக வந்ததைவிட யூரியாவாகவும் டீசலாகவும் வந்ததே பெரிது. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுகிறது. எரிவாயு விலை ஏறினால் யூரியா ஏறும். 2022 ஏப்ரலில் உலகச் சந்தை விலை மறுபடியும் 900 டொலரைத் தாண்டியது. 2020இல் நெல் விவசாயிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த மூடை, 2022இல் அரச விலையில் 10,000 ரூபாய், வெளியில் 40,000 ரூபாய்வரை. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அறுவடை இயந்திரத்துக்கு எண்ணெய் எடுக்கக் கமநல சேவை நிலையத்துக் கடிதத்தோடு எரிபொருள் நிலையத்தில் இரவும் பகலும் நின்றார்கள். முற்றிய நெல் வயலில் நிற்க, இயந்திரம் வரிசையில் நின்றது. ஒரு வாரம் பிந்தினால் மணி உதிரும். மழை வந்தால் சாய்ந்து முளைக்கும்.

இந்தியா 5.5 கோடி டொலர் கடனுதவியின் கீழ் 65,000 தொன் யூரியா கொடுத்தது. அதில் 44,000 தொன் ஜூலையில் வந்தது. நன்றியோடு நினைக்க வேண்டிய உதவி. சித்திரை, வைகாசியில் விதைத்த சிறுபோகத்துக்கு ஜூலை என்பது பல வட்டைகளில் கதிர் வெளிவரும் காலம். கொடுத்தவர்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உதவி கேட்பதும் கையொப்பமிடுவதும் கப்பல் ஏறுவதும் ஒரு நாட்காட்டியில் நடக்கின்றன. மட்டம் வெடிப்பதும் குடலை திரள்வதும் வேறொன்றில் நடக்கின்றன. முதலாவதை இரண்டாவதோடு பொருத்துவது எங்கள் அரசின் வேலை. அது நடக்கவில்லை.

இந்தப் பாடம் புதிதல்ல. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது இலங்கையின் சோற்றுப் பானை ஆட்டம் கண்டது. அன்று நாடு உண்ட அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அந்த ஆண்டே அரிசிப் பங்கீடு தொடங்கியது. கடலுக்கு அப்பால் வங்கத்தில் 1943இல் முப்பது இலட்சம் பேர் வரை மாண்டார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. பிறகு கொரியப் போர் வந்து அரிசி விலையை ஏற்றியது. 1952 டிசம்பரில் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் உடன்படிக்கை. 1953இல் பங்கீட்டரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்ட் 12இல் நாடு ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். எழுபது ஆண்டு கழித்து, 2022 தொடக்கத்தில், நாடு அரிசிக்காகப் போன இடங்களில் ஒன்று மறுபடியும் பர்மா, இன்றைய மியன்மார்.

ரங்கூன் விழுந்ததன் நினைவு எங்கள் நிலத்தில் அணையாக நிற்கிறது. அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருக்கக் கூடாது என்ற உறுதியை அந்த ஆண்டுகள் இறுக்கின. 1949இல் இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து அணை கட்டத் தொடங்கினார்கள். சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம் பிறந்தது. மேட்டில் புதிய குடியேற்றங்கள் வந்தன, கீழே தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாகச் செய்துவந்த வயல்கள் இருந்தன. 1956 ஜூனில் கல்லோயாவில் இனக் கலவரம் வெடித்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. பசியைத் தடுக்கக் கட்டிய அணையைச் சுற்றி, நிலமும் நீரும் யாருக்கு என்ற பகை வளர்ந்தது. உணவுப் பாதுகாப்புத் திட்டம் நீதியோடு வகுக்கப்படாவிட்டால் அதுவே அடுத்த போருக்கு விதையாகலாம் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

உள்நாட்டுப் போரின் ஆண்டுகளிலும் திகதிகளைப் பாருங்கள். 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் அம்பாறை மாவட்ட வயல்களில் வேலை செய்துகொண்டிருந்த முஸ்லிம்களும் கொல்லப்பட்டார்கள். சிறுபோகம் வெட்டும் மாதம் அது. ஊரைவிட்டு வெகுதூரம் போய் வாடி அடித்துத் தங்கி வெட்டுகிற வழக்கம், பயம் புகுந்த பிறகு நடக்குமா? முற்றிய பயிரை மாட்டுக்கும் பறவைக்கும் விட்டுவிட்டு வந்தார்கள். அயலில் தமிழ் விவசாயிகளும் படைகளுக்கும் ஊர்காவல் படைக்கும் பயந்து வயல்களை விட்டு ஓடினார்கள். தூரத்து வட்டைகளில் காணி இருந்தும் போக முடியாமல் போன வீடுகள் ஆண்டுக்கணக்கில் அரிசி வாங்கித் தின்றன. 2002 ஏப்ரலில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் பேசி முடித்த உடன்பாட்டில், முஸ்லிம் விவசாயிகள் தங்கள் காணிகளுக்குப் போய்வருவது ஒரு விடயமாகவே இடம்பெற வேண்டியிருந்தது.

இறுதிப் போர் தொடங்கியதும் ஒரு மதகில்தான். 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாற்று மதகைப் புலிகள் மூடினார்கள். சிறுபோகப் பயிர் தண்ணீர் கேட்டு நிற்கும் மாதம். சுமார் 15,000 குடும்பங்களின் நீர் நின்றது. மதகைத் திறக்கப் படை போனது. மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். செப்டம்பரில் பொத்துவில் பக்கம் இறத்தல் குளத்து வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெரும்போகத்துக்குக் குளத்தைச் சீர்செய்யும் நாட்கள் அவை.

இதே நிலத்தில் வேறு விதமாகவும் நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது இந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகள் அமைப்புகளை உருவாக்கின. வாய்க்காலின் தலைப்பில் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். 1997இல், போர் நடந்துகொண்டிருக்க, சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் மிகக் குறைந்தது. நெல் செய்யவே போதாது என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. விவசாயிகள் கூடிப் பேசி, முறை வைத்து, தலைப்பில் உள்ளவர் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு, இடதுகரையின் 65,000 ஏக்கரிலும் அந்தச் சிறுபோகத்தைச் செய்து நல்ல விளைச்சலும் எடுத்தார்கள். இந்த அமைப்புகளோடு நெடுங்காலம் வேலைசெய்த நோர்மன் அப்ஹோஃப் இதைப் பதிவு செய்திருக்கிறார். தண்ணீர் கூடவில்லை. எந்த நாளில் யாருக்கு மதகு திறக்கும் என்பதில் ஒருவரையொருவர் நம்பினார்கள்.

உலகத்தின் பசியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2024இல் 53 நாடுகளில் 29.5 கோடிப் பேர் கடும் உணவு நெருக்கடியில் இருந்தார்கள் என்கிறது உணவு நெருக்கடிகள் பற்றிய உலக அறிக்கை. அவர்களில் ஏறக்குறைய 14 கோடிப் பேருக்கு முதன்மைக் காரணம் போர். சூடானில் போர் மூண்டது 2023 ஏப்ரல் நடுவில், மழைக்கால விதைப்புக்குச் சற்று முன்பு. வாத் மதனி நகரும் அதைச் சுற்றிய ஜெஸீரா நீர்ப்பாசன நிலமும் இராணுவத்தோடு மோதிய துணைப்படையிடம் விழுந்தது டிசம்பரில், கோதுமை விதைத்த கையோடு. 2024 ஆகஸ்டில் டார்பூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. ஒரு போகம் தவறிய ஓராண்டில் பஞ்சம் வந்தது. காஸாவில் நாட்காட்டியே அழிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் அளவில் பயிர் செய்யக்கூடிய நிலமாக 5 வீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. ஆகஸ்ட் 22இல் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. மக்களைப் பட்டினி போடுவதைப் போர் ஆயுதமாக்கக் கூடாதென்று பாதுகாப்புச் சபை 2018 மே மாதத்தில் 2417ஆம் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியிருந்தது. தீர்மானம் இருந்தும் மாவு வாங்க நின்ற வரிசையில் பிள்ளைகள் கொல்லப்பட்டதை எங்கள் ஊர் மக்கள் ஒவ்வொரு தொழுகையிலும் துஆவில் நினைத்தார்கள். வயலுக்குப் போனவர் திரும்பாத ஆகஸ்ட் ஒன்றைக் கண்டவர்கள் அவர்கள்.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், நான் முதலில் வைப்பது ஒரு போகத்துக்கு வேண்டிய யூரியாவை முன்கூட்டியே கமநல சேவை நிலையங்களில் இருப்பு வைப்பது. துறைமுகக் களஞ்சியத்திலோ கொழும்பிலோ அல்ல, இறக்காமத்திலும் சம்மாந்துறையிலும் பொத்துவிலிலும். யூரியா ஈரம் இழுக்கும், நெடுங்காலம் வைக்க முடியாது என்பது உண்மை. ஒவ்வொரு போகமும் பழையதை விற்றுப் புதியதை நிரப்பினால் அந்தச் சிக்கல் தீரும். அறுவடைக் காலத்துக்கான டீசலுக்கும் இதே போல மாவட்ட அளவில் ஒதுக்கீடு வேண்டும். நெருக்கடி வந்த பிறகு கடிதம் கொடுப்பது போதாது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. மதகு எப்போது திறக்கும், எப்போது விதைத்து முடிக்க வேண்டும், மாடுகளை எப்போது வட்டையிலிருந்து அகற்ற வேண்டும் என்று திகதி குறித்து முடிவெடுக்கிறார்கள். பசளை எந்தத் திகதிக்குள் நிலையத்துக்கு வரும் என்பதும் அதே முடிவில் எழுதப்பட்டு, வராவிட்டால் நட்டஈடு யார் கொடுப்பது என்பதும் சட்டமாக வேண்டும். மண்ணை மீட்கச் சேதனப் பசளைக்குப் போகத்தான் வேண்டும். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மட்க விடுவது, கால்நடை எருவைச் சேர்ப்பது, யூரியாவைப் போகத்துக்குப் போகம் சிறிது சிறிதாகக் குறைப்பது என்று அதற்குப் பத்து ஆண்டு வழி இருக்கிறது. விவசாயியின் தலையில் ஒரே இரவில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

இதற்கெல்லாம் அவகாசம் நீளமாக இல்லை. கடல்வழியாக விற்கப்படும் உலக யூரியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியே போகிறது. கட்டார், சவூதி, ஈரான் ஆலைகளின் யூரியா அது. வரிப்பத்தான்சேனையிலும் அக்கம்பக்கத்திலும் பல வீடுகளின் மாத வருமானம் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம். பெரும்போகத்துக்கு வயல் உழும் செலவும் பல நேரம் அதிலிருந்துதான். அந்த நீரிணை ஒரு செப்டம்பரில் மூடினால், பசளையும் பசளை வாங்கும் காசும் எங்களுக்கு ஒரே வாரத்தில் நிற்கும். அப்போது விதைப்புக்கு ஒரு மாதம்தான் இருக்கும்.